ஏரிக்கரையில் கறுத்த பானை: புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு மோட்டாரில்

சென்ற தை மாதக் கடைசியில் நானும் என் மனைவி ஞானம்மாளும் வாடகை மோட்டாரில் புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போனோம். ரயிலில் போனால் ஒரு பகலில் முடிகிற பயணத்தை, கடலோரம், ஏரிக்கரை என்று சுற்றி இரண்டு நாளாக்கிக்கொண்டோம். நூற்றிருபது மைலுக்குச் சற்றுக் கூட. புறப்படும்போது காரில் ஏற்றிய புத்தம்புது வெண்கலப் பானை ஒன்று, போய்ச் சேரும்போது அடி கறுத்துப் பழசாகியிருந்தது. இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன், பானையையும் சேர்த்து.

முதலில் காரணம். எனக்குத் தொழில் கயிறு, தார், ஆணி, பாய்த்துணி, வலைநூல். வாலிபத்தில் கயிற்றுச் சுருளைத் தலையில் சுமந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று படகு படகாகப் போய் விற்றவன். இப்போது பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சொந்தக் கடை. காரைக்காலில் இதே சரக்கு விற்கும் காதர் மரைக்காயர், சைகோனில் இருக்கும் மகனிடம் போய்விடப் போகிறார். கடையையும் அதன் பின்கட்டு வீட்டையும் எனக்கே தருவதாகச் சொல்லியனுப்பினார். மாசி பிறப்பதற்குள் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாகப்பட்டணத்துக்காரர் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

புதுச்சேரிக் கடையை என் தம்பி பார்த்துக்கொள்வான். நாங்கள் இருவரும் காரைக்காலுக்குக் குடிபோக வேண்டும். ஞானம் வரமாட்டேன் என்றாள். அவள் வராவிட்டால் எனக்கு அந்தக் கடை வேண்டாம். இத்தனை வருஷம் அவள் கையால் தின்றுவிட்டு, இந்த வயதில் தனியே ஓட்டல் சோற்றுக்கு டிக்கெட் வாங்குகிறவன் நான் இல்லை. மரைக்காயரிடம் என்ன சொல்வது என்பது அவள் வாயில் இருந்தது.

ஏன் வரமாட்டாய் என்று கேட்டேன். “அது எங்கியோ கெடக்குதுங்க. ரெயில்ல ஏறினா கரியும் வாந்தியுந்தான்” என்றாள். ஒரு கல்யாணத்துக்காக முன்பு போயிருக்கிறோம். விழுப்புரத்தில் மாறி, மாயவரத்தில் மாறி, பேரளத்தில் மாறி, போய் இறங்கியபோது அவள் முகம் கடலைப் பிண்ணாக்கு மாதிரி இருந்தது. சரி, கோளாறு தூரத்தில்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். சரக்கை நல்ல வெளிச்சத்தில் விரித்துக் காட்டினால் பாதி விற்ற மாதிரி. ஊரை அல்ல, ஊருக்குப் போகிற பாதையை விரித்துக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன்.

வண்டி முத்தியால்பேட்டை மாணிக்கத்தினுடையது. துணிக்கூரை போட்ட பழைய கார். போக வர ஐந்து நாளைக்கு நாற்பது ரூபாய் பேசினோம். பெட்ரோலும் மாணிக்கத்தின் சாப்பாடும் நம் கணக்கு. இரண்டில் எது அதிகம் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெட்ரோலைப் புதுச்சேரியிலேயே டாங்க் ததும்பப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லை தாண்டினால் விலை கூட. தனி டின்னில் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். டாங்கில் இருப்பதை யாரும் கேட்பதில்லை, டின்னில் இருப்பதைக் கேட்பார்கள்.

விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ரொட்டிக் கடையில் அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு நான்கு நீள ரொட்டி வாங்கி ஞானத்தின் மடியில் வைத்தேன். அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்போது கிழக்கே வெளுத்தது. சுண்ணாம்பாற்றில் தண்ணீர் முழுக்க வெள்ளித் தகடு. பாகூர்ப் பக்கம் அறுவடைக்கு நின்ற நெல் பனியில் தலை கவிழ்ந்திருந்தது. ஞானம் ரொட்டியைப் பிய்த்து மாணிக்கத்துக்கும் எனக்கும் கொடுத்துக்கொண்டே வந்தாள். “ரெயிலுக்கு இது எவ்வளவோ மேலுங்க” என்றாள். பாதி விற்றாயிற்று என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் பதிமூன்று மைல்தான் நீடித்தது.

கடலூருக்குச் சற்று முன்னால் நம் பிரெஞ்சு எல்லை முடிகிறது. கிலோமீட்டர்க் கல் போய் மைல்கல் வருகிறது. அங்கே இங்கிலீஷ்காரன் சுங்கச் சௌக்கி. மூங்கில் கழியை இறக்கி வண்டியை நிறுத்தி, சேவகன் ஒருவன் உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். பின் சீட்டுக்கு அடியில் கோணியில் சுற்றி வைத்திருந்த பானையை வெளியே இழுத்தான்.

அந்தப் பானை விஷயம் இது. குடிபோகிற வீட்டில் முதல் காரியம் பால் காய்ச்சுவது. புதுப் பானையில் காய்ச்ச வேண்டும். பாத்திரக்கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர், நல்ல கனமான வெண்கலத்தை ஐந்தரை ரூபாய்க்குக் கொடுத்தார். வாங்கின கையோடு வழக்கப்படி பேரும் வெட்டச் சொன்னேன். வீட்டுக்காரியின் பேரும் ஊரும்: ‘சூ. ஞானம்மாள், காரைக்கால்.’ அவள் சரி என்று சொன்னபிறகு எடுத்துக் காட்டலாம் என்று கோணியில் சுற்றி வைத்திருந்தேன். புதுச்சேரியும் நம் சர்க்கார், காரைக்காலும் நம் சர்க்கார் என்ற நினைப்பில், நடுவே ஒரு சௌக்கி இருப்பதை என் புத்தி தாண்டிப் போய்விட்டது. சரக்கு அனுப்பும்போது மறக்காதவன், சொந்தப் பானைக்கு மறந்தேன்.

மூக்குக்கண்ணாடி போட்ட உத்தியோகஸ்தர் வந்து பானையைத் தட்டிப் பார்த்தார்.

“புதுசா?”

“புதுசுதான் சார். ஆனா எங்க சர்க்கார் ஊருல வாங்கி எங்க சர்க்கார் ஊருக்குத்தான் போவுது.”

“நடுவுல எங்க சர்க்கார் இருக்கே மொதலாளி. பறந்தா போகப் போறீங்க?”

சேவகன் சிரித்தான். மாணிக்கமும் சிரித்தான், அவன் வாடகையில் எட்டணா குறைக்கலாமா என்று தோன்றியது. ஞானம் சிரிக்கவில்லை. அவள் மட்டும் பானையின் கழுத்தில் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இதுல காரைக்கால்னு வெட்டியிருக்குதே.”

“ஆமா.”

“நான் எப்பங்க காரைக்கால்காரி ஆனேன்?”

உத்தியோகஸ்தர் என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். “அம்மா, பானை உங்களுதுதானே?”

“பேரு என்னுது சார். ஊரு என்னுது இல்ல. எந்தப் பாதிக்கு வரி போடுறீங்களோ போட்டுக்குங்க.”

முழுப் பானைக்கும் போட்டார். ஒரு ரூபாய் ஆறணா. மரியாதையாக ரசீதும் கொடுத்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. புதுப் பாத்திரம், புதுத் துணி எடுத்துப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புழங்கின சாமானுக்கு ஒன்றும் கேட்பதில்லை. வண்டி நகர்ந்ததும் ஞானம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “பாத்திரத்துக்குப் பேர்போன கும்பகோணத்துச் சீமைக்குப் போறோம். புச்சேரியில பானை வாங்கி வரி கட்டுறாரு ஒரு வியாபாரி.” சொன்னது என்னிடம் இல்லை. மாணிக்கத்தின் முதுகிடம்.

அதற்குப் பிறகு அன்று முழுவதும் எல்லாப் பேச்சும் மாணிக்கம் வழியாகத்தான் போய் வந்தது.

கடலூரில் பழைய பட்டணத்துப் பக்கம் போய்ப் படகுத்துறையைப் பாருங்கள். ஆறு கடலில் சேருகிற இடத்தில் கடலை மூட்டை ஏற்றுகிற படகுகள் வரிசையாக நிற்கும். காலையில் போனால் வெயில் தாழ்வாக விழுந்து பாய்மரம் ஒவ்வொன்றும் தண்ணீரில் இரண்டாகத் தெரியும். அங்கிருந்து தெற்கே மணலும் சவுக்கும் பனையும். சாலை மோசமில்லை, மழைக்குப் பிறகு ஜல்லி போட்டிருக்கிறார்கள். இருபது மைல் போனதும் கிழக்கே மூன்று மைல் விலகினால் பரங்கிப்பேட்டை. விலகிப் போகச் சோம்பல் படாதீர்கள். வெள்ளாறு அங்கே கடலுக்குள் போவதற்கு மனசில்லாத மாதிரி அகன்று படுத்திருக்கிறது. கழிமுகத்தில் கொக்குகள் ஒற்றைக் காலில் நின்று வியாபாரம் பார்க்கின்றன. ஊரில் தாழைப்பாய் நல்ல மலிவு.

ஒரு சாப்பாட்டுக் கடையில் மடவை மீன் வறுவலும் சோறும், ஆளுக்கு மூன்றணா. ஞானம் இலையிலிருந்து தலையை எடுக்காமல், “மாணிக்கம், ஒங்க மொதலாளிகிட்ட கேளு, இன்னொரு துண்டு வேணுமான்னு” என்றாள்.

மாணிக்கம் என் பக்கம் திரும்பி, “மொதலாளி, இன்னொரு துண்டு வேணுமான்னு அம்மா கேக்குறாங்க” என்றான்.

“வேணும்னு சொல்லு.”

“அம்மா, வேணுமாம்.”

“வரி கட்டின ஆளாச்சே, பசிக்கும். ரெண்டா வெக்கச் சொல்லு.”

கோபத்திலும் எனக்கு மீன் குறையாமல் பார்த்துக்கொள்கிறவள். அதனால்தான் ஓட்டல் சோறு வேண்டாம் என்கிறேன்.

புவனகிரிப் பாலத்தைத் தாண்டி மாலை நாலரைக்குச் சிதம்பரம். ரயிலடிக்கு எதிரே ஓட்டல் மாடியில் ஓர் அறை, ஒரு ரூபாய். கொசுவலை தனியாக இரண்டணா, கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்திலிருந்து நேர் தெற்கே சீர்காழி பக்கந்தான். ஆனால் நடுவில் கொள்ளிடம். ரயிலுக்குப் பாலம் இருக்கிறது, மோட்டாருக்கு இல்லை. அதனால் மோட்டார்க்காரர்கள் மேற்கே சுற்றி, வீராணம் ஏரிக்கரையாகப் போய், அணைக்கரையில் ஆற்றைக் கடக்க வேண்டும். பலர் இதை ஒரு தொல்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் பாலம் கட்டாமல் விட்டதற்குச் சர்க்காருக்கு நன்றி சொல்வேன். அந்தச் சுற்றில்தான் ஏரி இருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் லால்பேட்டைக்கு வடக்கேயே ஏரிக்கரைமேல் ஏறினோம். ஏறின உடனே மாணிக்கம் தானாகவே வண்டியை மெதுவாக்கினான். மேற்கே கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். அக்கரை இருக்கிறதா என்று தெரியவில்லை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தண்ணீர் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கடல் சும்மா இருப்பதில்லை, எந்நேரமும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். இது ஒன்றும் கேட்காத தண்ணீர். தாரா வாத்துகள் ஆயிரக்கணக்கில் மிதந்தன. வண்டிச் சத்தத்தில் ஒரு பகுதி எழும்பி, வானத்தில் ஒரு துணியை உதறின மாதிரி திரும்பி, மறுபடியும் உட்கார்ந்தது. கிழக்கே கரைக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாக வயல். கரையின் மேல் நாங்கள். ஞானம் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள். என்னிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள்.

அந்த இடத்தில்தான் வண்டி முன்மூக்கில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. மாணிக்கம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “ரப்பர் குழாய் வெடிச்சிருக்கு மொதலாளி. கட்டுப் போட்டுத் தண்ணி ஊத்திப் பாக்கணும். என் தண்ணி டின்னு ஓட்டை. ஏனம் எதுனா இருக்குதா?” என்றான். கேட்டுக்கொண்டே பின் சீட்டின் அடியைப் பார்த்தான்.

“அத விடு. அது பால் காய்ச்சுற பானை” என்றேன்.

“எடுத்துக்கப்பா” என்றாள் ஞானம். “வரி கட்டின பானை, சும்மா ஒக்காந்து வர்றதுக்கா? மொதல் தண்ணி வண்டிக்குத்தான்னு இருக்குது.”

புதுப் பானையில் ஏரித்தண்ணீர் மொண்டு வந்து இஞ்சினுக்கு ஊற்றினான். கட்டுப் போட்ட இடத்தில் அது அப்படியே பீய்ச்சியடித்து மாணிக்கத்தின் முகத்தில் விழுந்தது. முந்தின நாள் சௌக்கிக்குப் பிறகு ஞானம் முதல் முதலாகச் சிரித்தாள். மாணிக்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காட்டுமன்னார்கோயிலுக்குப் போய் வேறு குழாய் வாங்கிவருவதாகச் சொல்லி அந்த வழியாக வந்த மாட்டுவண்டியில் ஏறிப் போனான். மதியம் வரை வரமாட்டான் என்று தெரிந்தது. ரொட்டி முந்தின நாளே தீர்ந்துவிட்டது. சுற்றிலும் ஒரு சாப்பாட்டுக் கடை கிடையாது.

கரைச் சரிவில் கருவேல நிழலில் மீன்பிடிக்கிற பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்து வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். செல்லாயி என்று பெயர் சொன்ன ஒருத்தியிடம் கூடையில் விரால் இருந்தது. இரண்டு விராலும் ஒரு படி புது அரிசியும் நாலணாவுக்குக் கொடுத்தாள். மீனை அவள் தன் சட்டியிலேயே குழம்பு வைத்துத் தருவதாகச் சொன்னாள். சோற்றுக்குத்தான் பாத்திரம் இல்லை. ஞானம் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“என்னங்க, பால் காய்ச்சணும்னு பசியோட ஒக்காரலாமா, சோறாக்கலாமா?”

நேரடியாக என்னிடம் கேட்டாள். அதற்காகவே சரி என்றேன்.

மூன்று கல் கூட்டிச் சுள்ளி எரித்து, புது வெண்கலத்தில் உலை வைத்தாள். ‘சூ. ஞானம்மாள்’ புகையில் மங்கியது. ‘காரைக்கால்’ இன்னும் கொஞ்சம் கீழே இருந்ததால் முதலில் அதுதான் கறுத்தது. சோறு கொதிக்கிற நேரத்தில் அவள் சும்மா இருக்கமாட்டாதவள். செல்லாயியின் மடியிலிருந்த வலையை இழுத்து, நூலை விரல்களுக்கிடையே திருகிப் பார்த்தாள்.

“இது எத்தினி நாளு தாங்குது?”

“ரெண்டு மாசம்மா. அப்புறம் கையோட பிஞ்சி வருது.”

“எங்க வாங்குறீங்க?”

“செலம்பரத்துல. கடைக்காரரு குடுக்கறதுதான் நூலு.”

“அவுரு ஒங்களுக்கு ரெண்டு புரி நூலக் குடுக்கறாரு, மூணு புரி வெலைக்கு. இதப் பாரு, பிரிச்சிக் காட்டுறேன்.” நகத்தால் பிரித்துக் காட்டினாள். “வேலம்பட்டை காய்ச்சி ஊறவெக்கிறதில்லியா?”

“வெக்கிறோம், வெக்கிறோம். நூலே நூலு மாதிரி இல்லாதப்ப பட்டை என்னா பண்ணும்?” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “நீங்க என்னா, தறி நெய்யுற சாலியரா?”

“நாங்க கடை வெச்சிருக்கோம், புச்சேரியில. குப்பத்துப் பொம்பளைங்க எல்லாம் எங்கிட்டத்தான் நூலு வாங்குவாங்க. அவுரு” என்று என்னைக் காட்டி, “கயிறும் ஆணியும் விப்பாரு. நூலப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

இது உண்மை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. எங்கள் கடையில் பெட்டிக்குப் பின்னால் நான் உட்காருவேன். நூல் இருக்கிற பக்கம் அவள். மீனவப் பெண்கள் வந்தால் என்னை ஒரு தூணைப் போலச் சுற்றிக்கொண்டு அவளிடம் போவார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரைக்காயரின் கடையை அவளும் அந்தக் கல்யாணத்தின்போது பார்த்திருக்கிறாள். முன்னால் ஆண்கள் மட்டும். வீடு பின்கட்டில், நடுவில் தடுப்புச் சுவர். கரியும் வாந்தியும் என்று அவள் சொன்னது எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னது. அந்த ஊரில் தனக்கு உட்கார ஓர் இடம் இல்லை என்பதுதான் அவள் கணக்கு. தூரத்தை நான் மோட்டார் வைத்துக் குறைக்கப் பார்த்தேன். குறைக்க வேண்டியது ஒரு சுவர்.

செல்லாயி கேட்டாள்: “அம்மா, அந்த மூணு புரி நூலு எங்களுக்குக் கெடைக்குமா?”

“எவ்வளவு வேணும்?”

மூன்று பேரும் தங்களுக்குள் பேசினார்கள். இந்தக் கரையில் மட்டும் நாற்பது வலை இருக்கிறது, அக்கரையிலும் சொல்கிறோம் என்றார்கள். ஞானம் விலை சொன்னாள். அவர்கள் சிதம்பரத்து விலை சொன்னார்கள். ஞானம் பிரித்த நூலை மறுபடி தூக்கிக் காட்டினாள். நான் நடுவில் வாயைத் திறந்தேன். “சோறு பொங்குது பாருங்க” என்று என்னை அனுப்பிவிட்டாள். நான் திரும்பி வருவதற்குள் வியாபாரம் முடிந்திருந்தது. “பங்குனி முடியறதுக்குள்ள நான் கொண்டாறேன்” என்றாள். எங்கிருந்து கொண்டுவருவாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கரையிலேயே இலை போட்டுச் சாப்பிட்டோம். புது அரிசிச் சோறு, விரால் குழம்பு, எதிரே முடிவில்லாத தண்ணீர். நான் பெரிய மனிதர்கள் வீட்டு விருந்தெல்லாம் சாப்பிட்டிருக்கிறேன். அவை இதற்குப் பக்கத்தில் வரா. பன்னிரண்டரைக்கு மாணிக்கம் குழாயோடு வந்தான். அவனுக்கு வைத்திருந்த சோற்றைப் பானையோடு எடுத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தான். குழாய் ஒரு ரூபாய் நாலணா. போகிறவர்கள் ஒரு குழாயும் ஓட்டையில்லாத டின்னும் கையோடு எடுத்துப் போவது நல்லது.

அங்கிருந்து பன்னிரண்டு மைல் அணைக்கரை. கொள்ளிடத்தின் குறுக்கே பழைய அணையின் மேலேயே பாதை. ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். எதிரே மாட்டுவண்டி வந்தால் யாராவது பின்வாங்க வேண்டும், மாடு பின்வாங்காது. மதகுகளில் தண்ணீர் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. தாண்டியதும் தென்னையும் வாழையுமாகச் சோழ நாடு. மாயவரத்தில் காப்பி குடித்துவிட்டு, கிழக்கே பதினெட்டு மைல் ஓடி, மாலை ஐந்துக்குத் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் விட்டுப்போன கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. கடல் வருஷா வருஷம் கிட்டே வந்துகொண்டிருக்கிறதாம். கோட்டை மதில் நிழலில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். காற்று உப்பாக, குளிர்ச்சியாக, சும்மா கிடைக்கிறது. நான் கோட்டையைப் பார்த்தேன். ஞானம் கரையில் இழுத்துவிட்டிருந்த கட்டுமரங்களைப் பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

“இவங்க நூலு எங்க வாங்குவாங்க?” என்றாள்.

“காரைக்கால்லதான். ஒம்பது மைல்.”

“ம்.”

எல்லையில் நம் பிரெஞ்சுச் சுங்கச் சேவகன் காருக்குள் எட்டிப் பார்த்தான். அடி கறுத்து, சோற்றுப் பருக்கை ஒட்டிய பானையைப் பார்த்து, “சமையல் சாமானா? போங்க” என்றான். ஒரு ரூபாய் ஆறணா என் நெஞ்சில் ஒரு முறை புரண்டது.

மரைக்காயர் வாசலிலேயே நின்று வரவேற்றார். வயசானவர், நல்ல மனிதர். மறுநாள் காலை கடையைத் திறந்து காட்டினார். சரக்கு சுத்தம், கட்டிடம் உறுதி, அரசலாற்றுப் படகுத்துறை கூப்பிடு தூரம். “தங்கச்சி உள்ள ஒக்காரட்டுமே, எங்க வீட்டுல பேசிக்கிட்டிருக்கட்டும்” என்றார் அவர். ஞானம் ரொம்ப மரியாதையாக, “இருக்கட்டுங்க அண்ணே, நூலு எங்க வெச்சிருக்கீங்க?” என்றாள். அவர் மூலையில் தூசி படிந்த அலமாரியைக் காட்டினார். “அது போணியாகறதே இல்லம்மா. பொம்பளைங்க கடைக்குள்ள வர்றதில்லை.” ஞானம் அந்தத் தடுப்புச் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள், சௌக்கிக்காரர் பானையைத் தட்டிப் பார்த்த மாதிரியே.

அன்று மாலை அரசலாற்றங்கரையில் நடந்தோம். இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு என் யோசனை எல்லாம் இதற்குள் சொல்லிவிட்டேன். தையில் போங்கள், ஏரி நிறைந்திருக்கும், சாலை காய்ந்திருக்கும். புரட்டாசிக்கு மேல் மழையில் போகாதீர்கள், சித்திரைக்கு மேல் ஏரியில் தண்ணீர் இருக்காது. செலவு, போக மட்டும், பெட்ரோல், சாப்பாடு, அறை, குழாய், வரி எல்லாம் சேர்த்துப் பதினேழு ரூபாய்க்குள், வாடகை தனி. ரயிலில் இருவருக்கும் இதில் கால்வாசிகூட ஆகாது. அதனால் என்ன? ரயிலில் போயிருந்தால் நான் மரைக்காயரிடம் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பேன். கூட வருகிறவளின் மனசு தெரிய, வண்டி எங்கேயாவது நின்றாக வேண்டியிருக்கிறது.

ஆற்றங்கரையில் நான்தான் ஆரம்பித்தேன். “சுவத்த இடிச்சிரலாம்.”

“இடிச்சி?”

“நூலு முன்பக்கம். ஒனக்கு ஒரு நாற்காலி.”

“நாற்காலி மட்டுமா? சம்பளத்துக்கா ஒக்காரச் சொல்றீங்க?”

“என்ன வேணும்?”

“நூல்ல வர்ற லாபத்துல முக்கால்.”

“பாதி.”

“அந்த நாப்பது வலை யாரு புடிச்சது? நீங்க சோத்தப் பாத்துக்கிட்டிருந்தீங்க.”

வியாபாரத்தில் நான் பலரோடு பேரம் பேசியிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாகத் தோற்றது கிடையாது. இருட்டுவதற்குள் முடித்து, மரைக்காயரிடம் போய்ச் சரி என்று சொல்லிவிட்டோம். எங்களுக்குள் பேசி முடித்த நிபந்தனை இது: தடுப்புச் சுவரை மாசி முடிவதற்குள் இடிப்பது. நூல் வியாபாரம் ஞானத்துடையது. அதன் லாபத்தில் ரூபாய்க்குப் பத்தணா அவளுக்கு, ஆறணா கடைக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரிக்குப் போய் வருவது, ரயிலில் அல்ல, இதே பாதையில், ஏரிக்கரையில் ஒரு வேளைச் சமையலோடு. வண்டி வாடகையும் பெட்ரோலும் என் கணக்கு. பானையில் ‘காரைக்கால்’ இருக்கலாம். அதற்கு மேலே ‘புதுச்சேரி’ என்றும் வெட்ட வேண்டும். ஐந்து எழுத்து, எழுத்துக்குக் காலணா. அதுவும் என் கணக்கு.